இடமிருந்து மூன்றாவது

நான் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்று பத்திரிகையில் படம் வந்த அன்று காலையில், பள்ளிக்கூடக் கேன்டீனில் நின்று உளுந்து வடை தட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் அப்போதுதான் காய்ந்திருந்தது.

மலேசியாவில், செலண்டார் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. தொண்ணூறுகளில் அங்கே கேன்டீன் நடத்தியவள் நான்தான். நாசி லெமாக், மீ கோரேங், வடை, மைலோ. என் வடையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்வேன். மலாக்கா பட்டணத்திலிருந்து பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள், வகுப்பைப் பார்த்தார்களோ இல்லையோ, கேன்டீனைப் பார்க்காமல் போனதில்லை.

என் படிப்பு இரண்டாம் வகுப்போடு முடிந்தது. பிறகு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுவது, கலியாணம், பிள்ளைகள். மீதிப் படிப்பை வடை மடிக்கிற பழைய பத்திரிகையில் படித்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, மெதுவாக. சாமி படம் இருக்கிற பக்கத்தில் வடை மடிக்க மாட்டேன். படிக்காத பக்கத்திலும் மடிக்க மாட்டேன். அச்சில் வந்தது எல்லாம் அன்றைக்கு எனக்குக் கோயில் பிரசாதம் மாதிரி. அதை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அந்தக் காலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"என்னண்ணே, ரொட்டிய அங்கேருந்து வீசப் போறீங்களா?" என்றேன்.

"அக்கா... நீங்கதானா?"

"நான் இல்லாம வேற யாரு? உங்க மாமியாளா?"

அவர் பத்திரிகையைத் தூரத்திலிருந்தே நீட்டினார். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று கறுப்புக் கட்டம். மேலே இரண்டு குத்துவிளக்கு. நடுவில், ஜரிகைப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துச் சிரித்துக்கொண்டு நான்.

கீழே பெயர் என் பெரிய நாத்தனார் பெயர். என் வீட்டுக்காரரின் அக்கா. போன வருடம் தவறியவர் அவர். பெயரைப் படித்தவர்களுக்குக் குழப்பம்தான், சாவு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பெயரைப் படித்தவர்கள் எத்தனை பேர்? எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். படம் நான்.

ஓய்வு நேர மணி அடித்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெரிய வாத்தியார் அறைக்கு வருகிற பத்திரிகையை யாரோ பார்த்துவிட்டிருக்கிறார்கள்.

"ஆண்டி, நீங்க செத்து ஒரு வருஷமாம்!" என்றாள் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி. "நேத்துகூட எனக்கு வடை குடுத்தீங்களே!"

"அதான் வடை காத்து மாதிரி இருந்துச்சு," என்றாள் அவள் பக்கத்தில் நின்ற குண்டுப்பெண்.

"இன்னைக்குக் கல்லு மாதிரி தரேன், வாடி," என்றேன்.

சிரித்தேனே தவிர உள்ளே கொதித்தது. மத்தியானம், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீட்டுக்குத் திரும்பும்போது, பாயா ரும்புட்டில் இருக்கும் என் சின்னம்மா மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, மாலையும் கையுமாக, முனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வருகிறாள். "என்ன விட்டுட்டுப் போயிட்டியே, ஒரு வருஷமா எனக்குச் சொல்லக்கூட ஆள் இல்லாமப் போச்சே..." நான் எதிரே போய் நின்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்துட்டேன்லா. வந்ததுக்கு உன் நாத்தனாருக்காவது அழுதுட்டுப் போறேன்," என்று மறுபடி ஆரம்பித்தாள்.

அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். மாலையை நாத்தனார் படத்துக்குப் போடலாம் என்றால், அவருக்குத் தனிப்படம் கிடையாது. ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருந்த ஒரு படமும், அவர் தவறியபோது ஐ.சி.யோடு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம்தான். மண்டபத்தில் ஒரு கலியாணத்தின்போது நாங்கள் நான்கு பெண்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து எடுத்தது. நான், பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார், பெரியவரின் மருமகள். அந்தப் படத்தைத்தான் நினைவஞ்சலிக்குக் கொடுத்திருந்தேன்.

கொடுத்தது மலாக்காவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்திரிகையும் வெற்றிலையும் விற்கும் ஒரு சின்னக் கடையில். கடைக்காரர்தான் அந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா ஏஜெண்டு. கல்யாண வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, கருமாதி அறிவிப்பு எல்லாம் அவரிடம் கொடுத்தால் கோலாலம்பூருக்குப் போய்விடும். ஒல்லி ஆள். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். படத்தை வாங்கி, "இதுல யாருக்கா?" என்று கேட்டார். "பின்னால எழுதியிருக்கேன், பாத்துக்குங்க," என்றேன். எழுதியிருந்தேன். என் கையால், பென்சிலால், அழுத்தி: 'இடமிருந்து மூன்றாவது'. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அவரும் பார்த்துத் தலையாட்டினார்.

அப்படித் தெளிவாகக் கொடுத்ததைக் கெடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாளே வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினேன். கடையில் நாலு பேர் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்க, பத்திரிகையை மேசைமேல் போட்டேன்.

"என்ன உசுரோட கொன்னுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சத்தியமா நான் மாத்தல. நீங்க குடுத்தத அப்படியே அனுப்புனேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. ஆபிஸ்ல தப்பு நடந்திருக்கும்..."

"ஆபிஸ் மேல போடுறீங்களா? உங்க கையிலதான குடுத்தேன்? உங்களத்தான் எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி. ரோட்டில் யாரோடும் சண்டைக்குப் போகாத மனுஷன். "விடு, வா," என்று என் முழங்கையைப் பிடித்தார். நான் விடவில்லை. தோட்டத்து ஆபிசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் சொல்லி, பத்திரிகை ஆபிசுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தேன். 'உங்கள் மலாக்கா ஏஜெண்டின் கவனக்குறைவால்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கிராணி கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். அதைத் திருப்பித் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதில் வந்தது. படத்தையும் தனி உறையில் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை ஆபிசிலிருந்து ஒருவர் மலாக்காவுக்கு வருவார், அந்தப் படத்தோடு நானும் வர வேண்டும், ஏஜெண்டு மேல் தப்பு என்று தெரிந்தால் ஏஜென்சியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. கிராணி படித்துக் காட்டியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. படம் இருந்த உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தேன்.

ஏஜெண்டு பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். "அக்கா, அந்தக் கடுதாசிய வாபஸ் வாங்கிக்குங்க. வெத்தல வித்து என்ன கிடைக்கும்? ஏஜென்சிய வச்சுத்தான் பொண்ணு ரெண்டையும் படிக்க வைக்கிறேன்." நான் அதே கண்டக்டரிடம் திருப்பிச் சொல்லி அனுப்பினேன். "தப்புப் பண்ணவரு பதில் சொல்லட்டும்."

இந்த இடத்தில் ஆறாம் ஆண்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதுப் பெண். மலாக்கா பட்டணத்திலிருந்து ஒரு சின்னக் காரில் தினமும் வருவார். அந்த வருடம் ஆரம்பத்திலேயே என்னிடம் வந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் பழைய பேப்பர்ல வடை மடிக்காதீங்க. ஒரு வாரத்துப் பேப்பரக் கட்டி எனக்குக் குடுங்க," என்று கேட்டார்.

"எதுக்கு டீச்சர்? படம் வெட்டி ஒட்டவா?"

"இல்லக்கா. பேப்பரப் படிக்கக் கத்துக்குடுக்கப் போறேன்."

"அதுங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"எழுத்தப் படிக்கத் தெரியும்," என்றார்.

எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. கேன்டீனுக்கும் ஆறாம் ஆண்டு வகுப்புக்கும் நடுவில் பாதிச்சுவர்தான். வெள்ளிக்கிழமைகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதியிருப்பார். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? நாம் எங்கே போய்ச் சரிபார்க்கலாம்? எந்தச் செய்தியை எடுத்தாலும் பிள்ளைகள் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். ஒரு பந்தாட்டத்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை ஒரு மாதிரியும் மலாய்ப் பத்திரிகை ஒரு மாதிரியும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். ஒரு முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரத்தை எடுத்தார்கள். 'முன்பு' என்று ஒரு பெண், தலைமுடி எலிவால் மாதிரி. 'பின்பு' என்று அதே பெண், முடி இடுப்புவரை. ரெட்டைச் சடைக்காரி எழுந்து, "டீச்சர், முன்னால மூக்குத்தி வலப்பக்கம் இருக்கு. பின்னால இடப்பக்கம் இருக்கு. முடி வளரும் சரி, மூக்குத்தி நடந்து போகுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சுவருக்கு இந்தப் பக்கம் சிரித்தேன். ஆனால் அந்த எண்ணெய் என் வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தது.

பெரிய வாத்தியார் அறையில் துணி போட்டு மூடிய ஒரு கணினி இருந்தது. யாரோ கொடுத்தது, யாருக்கும் இயக்கத் தெரியாது. டீச்சர் அதைக் காட்டி, "இனிமே இதுலதான் எல்லாச் சேதியும் வரப்போகுதாம்க்கா. இப்பவே கேள்வி கேட்டுப் பழகலன்னா அப்புறம் இதுங்கள வெள்ளம் மாதிரி அடிச்சிட்டுப் போயிரும்," என்றார். நான் அதை ஒரு பெட்டியாகத்தான் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குப் பத்திரிகைமேல் சந்தேகம் கற்றுக்கொடுப்பது எனக்கு அதுவரை பிடிக்கவே இல்லை. என் படம் வந்த பிறகு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை டீச்சர், "அக்கா, அந்தப் படத்தையும் பேப்பரையும் எடுத்துட்டு வகுப்புக்கு வர்றீங்களா? பிள்ளைங்க உங்களையே கேள்வி கேக்கட்டும்," என்றார். மறுநாள் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நல்ல புடவைதான் கட்டியிருந்தேன். முதல்நாளே சொல்லியிருந்தாரே.

கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பத்திரிகையைத் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்குங்க. பேப்பர் நான் செத்துட்டேன்னு சொல்லுது. நான் உங்க முன்னால நிக்கிறேன். எது உண்மை?"

"ஆண்டிதான்!" என்று கத்தினார்கள்.

"பேப்பர் ஏன் பொய் சொல்லுச்சு? மலாக்கா ஏஜெண்டு படத்த மாத்திட்டாரு. நாளைக்கு ஆபிஸ்காரரு வராரு. ஏஜென்சிய அவருகிட்டருந்து எடுத்துருவாங்க." சொல்லும்போது எனக்கு ஒரு தலைமை ஆசிரியை மாதிரி இருந்தது.

டீச்சர் கரும்பலகையைக் கைகாட்டினார். "முதல் கேள்வி?"

"யார் சொன்னது?" என்றார்கள் எல்லோரும்.

"எது?" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் கரும்பலகையையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு குண்டுப்பெண் கேட்டாள். "இந்தப் படத்துல இவங்கதான் செத்தவங்கன்னு பேப்பருக்கு யார் சொன்னது?"

"நான் எழுதிக் குடுத்தேன். பின்னால பாரு," என்று உறையைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். அவள் படத்தைத் திருப்பி உரக்கப் படித்தாள். 'இடமிருந்து மூன்றாவது.' மறுபடி முன்பக்கம் திருப்பினாள். விரல் வைத்து எண்ணினாள். என்னைப் பார்த்தாள். 

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. "மூணாவது கேள்விக்குப் போவோம். எங்க போய்ச் சரிபாக்கலாம்? இங்கயே பாப்போம்," என்று ஒரு பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டு, நான்கு பெண்பிள்ளைகளை வகுப்பைப் பார்த்து உட்கார வைத்தார். படத்தில் இருக்கிற வரிசையிலேயே. பெரிய நாத்தனார் இடத்தில் ரெட்டைச் சடைக்காரி. என் இடத்தில் ஒரு நெட்டைப் பெண். இருபக்கமும் இருவர்.

"இடமிருந்து மூணாவது ஆள் யாரோ, எழுந்து நில்லு."

ரெட்டைச் சடைக்காரி எழுந்தாள்.

"சரியா நின்னுட்டா!" என்றேன் நான். "அதான் என் நாத்தனாரு. இத்தனூண்டு பிள்ளைக்குத் தெரியுது, அந்த ஆளுக்குத் தெரியல."

ஆனால் வகுப்பு முழுக்க, "இல்ல! இல்ல! அவ இல்ல! நெட்டச்சி!" என்று கத்தியது. நெட்டைப் பெண் திருதிருவென்று விழித்துக்கொண்டு அவளும் எழுந்து நின்றாள்.

இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு மூன்றாவதுக்கு இரண்டு ஆள்.

"அக்கா, இப்படி வாங்க," என்று டீச்சர் என்னைப் பிள்ளைகள் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் கடைசி மேசைக்குப் பின்னால் நிறுத்தினார். "படம் எடுத்தவரு நின்ன இடம் இது. இங்கேருந்து எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நெட்டைப் பெண். என் இடத்தில் உட்கார்ந்தவள்.

மறுபடி எண்ணினேன். எண்ணினால் மாறிவிடுமா என்ன?

அன்று மண்டபத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வலக்கைப் பக்கம் பெரிய நாத்தனார், அவருக்கு அந்தப் பக்கம் சின்னவர். என் இடக்கைப் பக்கம் மருமகள். படத்தின் பின்னால் எழுதும்போதும் நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், மனசில். இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணினேன். மருமகள், நான், பெரிய நாத்தனார். மூன்றாவது. படத்தை வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு என் இடது அவன் வலது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏஜெண்டும், கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தவரும் பார்க்க வேண்டிய பக்கத்திலிருந்து பார்த்து, நான் எழுதியபடியே எண்ணி, என்னைக் கொன்றிருக்கிறார்கள்.

 குண்டுப்பெண் மட்டும் மெதுவாக, "அப்ப யார் சொன்னது?" என்று தன்பாட்டுக்குக் கேட்டாள்.

"உக்காந்தவளுக்குத் தெரியாத இடதாடி?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். படத்தைப் பிடுங்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குத் தேய்த்த மாதிரி அந்தச் சட்டியை நான் ஒருநாளும் தேய்த்ததில்லை.

பள்ளி விட்டதும் அவள் கேன்டீன் ஜன்னலில் வந்து நின்றாள். வடை கேட்கவில்லை.

"ஆண்டி, நாளைக்கு அந்த அங்கிளோட வேலைய எடுத்துருவாங்களா?"

"போடி, வீட்டுக்குப் போ. ஆத்தா தேடுவா."

போகவில்லை. "நீங்க சொன்னா எடுக்க மாட்டாங்கதானே?" என்றாள். அப்புறம்தான் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரியும். அடக்கியதும் நல்லதுதான்.

"பென்சில்தானே?" என்றார். மகன் பள்ளிப் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார். "அழிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது? டீச்சர் சொல்லமாட்டாங்க. ஊரே உன்னச் செத்தவன்னு சொல்லி முடிச்சிருச்சு. இப்ப முட்டாள்னு வேற சொல்லணுமா?"

ரப்பரை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன். எடுத்து முதல் எழுத்தில் வைத்துத் தேய்த்தேன். 'இ' பாதி போனது. நான் அழுத்தி எழுதுகிறவள். கறுப்பு போனாலும் தடம் போகவில்லை. விரலால் தடவினால் 'இ' அங்கேயே இருந்தது.

ஆனால் நான் நிறுத்தியது தடத்துக்காக இல்லை. கிராணி நீட்டிய மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான். இதுவும் என் எழுத்துதானே? என் வாழ்நாளில் நான் எழுதி வெளியே போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றை நானே அழித்துவிட்டு, என்னத்துக்கு எழுதக் கற்றுக்கொண்டேன்?

"செத்தவளா இருந்ததவிட முட்டாளா இருக்கறது மேலு," என்றேன். "நாளைக்கு வெள்ளனே எழுப்பி விடுங்க."

சனிக்கிழமை கடையில் ஏஜெண்டு சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். கண்ணாடியில் புது நூல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்தினார்.  ஆபிஸ்காரர் இளைஞர். கழுத்தில் டை, கையில் ஒரு கோப்பு, அதற்குள் என் கடிதம்.

"அம்மா, நீங்கதான் பாதிக்கப்பட்டவங்க. தைரியமாச் சொல்லுங்க," என்றார்.

"தைரியத்துக்கு என்ன குறைச்சல் தம்பி," என்று படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தேன். "இது என் கையெழுத்து. இவரு இத மாத்தல, உங்க ஆபிஸும் மாத்தல. நான் எழுதுனததான் போட்டிருக்கீங்க. நான் எண்ணுனதுதான் தப்பு."

அவர் படத்தைத் திருப்பினார். எண்ணினார். "புரியலம்மா. இடமிருந்து மூணாவது நீங்கதானே?"

"நீங்க நிக்கிற பக்கத்துலருந்து நான். நான் உக்காந்த பக்கத்துலருந்து என் நாத்தனாரு. உக்காந்தவ எழுதிட்டேன்."

கடையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். இளைஞர் படத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க என்னமோ அழிச்ச மாதிரி இருக்கே?"

"நேத்து அழிக்கப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

ஏஜெண்டு அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்க்கா. தலையத் தலைய ஆட்டிட்டேன்."

"கேட்டுத்தான் இருந்தீங்க. நான்தான் பின்னால பாருன்னேன்," என்றேன். "என் தப்புல பங்குக்கு வராதீங்க."

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

நான் அதோடு எழவில்லை. அதே படத்திலிருந்து சரியான முகத்தோடு இன்னொரு தடவை போட வேண்டும், அடியில், 'முன்பு வந்த படம் எங்கள் குடும்பத்தாரின் தவறு, ஏஜெண்டின் தவறன்று' என்று ஒரு வரி வர வேண்டும் என்றேன். அப்படியெல்லாம் போடுவது வழக்கம் இல்லை, 'வருந்துகிறோம்' என்று பொதுவாகப் போட்டுவிடலாம் என்றார் இளைஞர்.

"யாரு வருந்துறாங்கன்னு போடலன்னா படிக்கிறவன் எப்படித் தம்பி கண்டுபிடிப்பான்? எங்க ஸ்கூல் பிள்ளைங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கடைசியில் போட்டார்கள். நான் சொன்ன வார்த்தையிலேயே.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் துண்டை வெட்டிக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டினார். பிள்ளைகள் முண்டியடித்துப் படித்தார்கள். நான் பாராட்டுக்காகத்தான் நின்றேன், மறைப்பானேன். குண்டுப்பெண் என்னிடம் வந்தாள்.

"யார் சொன்னது?"

"நான் சொன்னது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செஞ்சதே நான்தானே!"

அவள் தலையாட்டினாள். அதோடு விட்டாளா? மூன்றாவது கேள்விக்காகப் படத்துக்குப் பக்கத்தில் போய், அது சின்ன நாத்தனாரா பெரிய நாத்தனாரா என்று காது வளையம் முதற்கொண்டு என்னிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

இப்போது என் கையிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. சொந்தக்காரர்கள் காலையிலிருந்து எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த இலையைத் தின்னு, அந்தத் தண்ணீரைக் குடிக்காதே, இன்னார் செத்துப்போனார். நான் திருப்பி அனுப்புவது ஒரே ஒரு வரி. யார் சொன்னது? பாதிப் பேர் அதற்கப்புறம் எனக்கு எதுவும் அனுப்புவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

அந்தத் தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். கருமாதி அறிவிப்புக் கொடுக்க மகனோடு மலாக்காவுக்குப் போனேன். அதே கடை, அதே ஏஜெண்டு. கண்ணாடி மட்டும் புதுசு. பெண்கள் இரண்டு பேரும் படித்து முடித்து வேலைக்குப் போகிறார்கள் என்று மகனிடம் சொன்னார். முன்னால் நின்ற குடும்பம் ஒரு கலியாணப் படத்தை நீட்டியது. அவர் அதை மேசையில் வைத்து, "விரல வைங்க. யாரு? அந்த முகத்து மேலயே விரல வைங்க," என்றார். அந்தம்மா விரலை வைத்ததும், படத்தை ஒரு மெல்லிய தாளால் மூடி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். இடம், வலம் என்ற பேச்சே இல்லை. இப்போது எல்லோரிடமும் அப்படித்தானாம்.

என் முறை வந்தது. வீட்டுக்காரர் லோரிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற படத்தை வைத்தேன். அதில் வேறு ஆளே கிடையாது.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விரல வைங்கக்கா," என்றார்.

வைத்தேன்.

எடுக்கச் சொல்லி அவர் அவசரப்படுத்தவில்லை.